கரிக்கோச்சியின் மூன்றாம் யன்னல்

மானிப்பாயில் வின்சன்றிடம் படம் எடுத்துக்கொண்டு வந்த ஆரைக் கேட்டாலும் ஒரே முறைப்பாடுதான்: மனுசன் பொல்லாத ஆக்கினை. அடையாள அட்டைக்கு ஒரு படம் எடுக்க அரை மணித்தியாலம் ஸ்ரூலில் குந்தியிருக்க வேணும். நாடியை உயர்த்து, கொஞ்சம் பதி, கண்ணைச் சிமிட்டாதே, தோளை விடு. அப்பாடா முடிஞ்சுது என்று நீங்கள் மூச்சு விடுகிற நேரம் பார்த்து, முகம் சரியாக நிமிரவில்லை என்று திரும்பவும் வந்து நாடியைப் பிடிப்பான். செத்தவீட்டிலும் விடமாட்டான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்பவென்று, பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரரை நிற்பாட்டிப் படம் எடுப்பது எங்கள் வழக்கம்தானே. அழுகிற சனத்தை ஒரு கையால் விலக்கிக்கொண்டு போய், பிரேதத்தின் தலைக்குக் கீழே தலையணையைச் செருகி முகத்தை நிமிர்த்தின பிறகுதான் கமராவைத் தொடுவான். முகம் தெரியாத படம் என்ன படம் என்பது அவன் கட்சி. அந்தச் சுத்தம்தான் அவனுக்குச் சோறு போட்டது. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குருநகரில் பிறந்தவன். கடலில் காலை வைத்தாலே சத்தி எடுக்கிறான் என்று தகப்பனே கைகழுவிவிட்ட பிள்ளை. அதனால் படம் பிடிக்கப் பழகி, மானிப்பாயில் ஒரு ஸ்ரூடியோ போட்டு, பெண்சாதி றோசின் பெயரையே அதற்கு வைத்து, பின் அறையில் அவளோடும் மகள்மாரான இரண்டு சின்னப் பெட்டையளோடும் குடியிருந்தான். வாய்ச்சண்டைக்குக்கூடப் போகாதவன். ஊரில் கெட்ட பெயர் எடுக்காத ஒருத்தனைக் காட்டு என்றால் அவனைத்தான் காட்டுவார்கள்.

எண்பத்து நாலாம் ஆண்டு கார்த்திகை மாதம், ஸ்ரூடியோவுக்குப் பின் ஒழுங்கையில் இருந்த மகாதேவியக்காவின் மகன் பகீரதனை ஆமி பிடித்தது. பத்தொன்பது வயதுப் பெடியன். ரியூசனுக்குச் சைக்கிளில் சுன்னாகத்துக்குப் போனவன், சந்திச் சுற்றிவளைப்புக்குள் அகப்பட்டுப் போனான். சைக்கிள் மதிலில் சாத்தினபடி கிடந்தது. அதை மட்டும் தகப்பன் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சேர்ந்த மனுசன் அண்டைக்கே பாயில் விழுந்தார், எழும்பவே இல்லை.

மகாதேவியக்கா முகாம் முகாமாக அலைஞ்சா. ஒவ்வொரு வாசலிலும் பெயரை எழுதிக் கொடுப்பா. உள்ளே கொண்டுபோன கடதாசி திரும்பி வரும், அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்ற மறுமொழியோடு. நாலைஞ்சு பேர் பார்க்கப் பிடிச்சுக்கொண்டு போன பிள்ளையை இல்லை என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்து சிவசுப்பிரமணியத்தாரிடம் போனா. அவர் நல்ல மனுசன், ஒளிக்காமல் சொன்னார். பிடிச்சதைக் கண்டவர்கள் ஒருத்தரும் சாட்சி சொல்லக் கோட்டுக்கு வரமாட்டார்கள், வந்தாலும் பிறகு விட்டுவிட்டோம் என்று ஆமிக்காரர் சொல்லிவிடுவார்கள். இன்றைக்கும் அவன் அவர்களின் கையில்தான் இருக்கிறான் என்பதற்கு ஏதாவது ஒன்று வேணும். ஒரு படம் கிடைத்தாலும் போதும், வழக்கைப் போட்டுப் பிள்ளையைக் கோட்டுக்குக் கொண்டுவரச் செய்யலாம். இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க விட்டால், ஒருநாள் பிள்ளை உண்மையாகவே இல்லாமல் போய்விடும். இதை அக்கா வின்சன்றிடம் இரண்டு மூன்று தரம் சொல்லி அழுதிருக்கிறா. பகீரதனின் அடையாள அட்டைப் படம் எடுத்தவன் அவன்தான். முகாம்களில் காட்டவென்று அதன் பிரதிகளை அடித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

முப்பத்தாறாம் நாள் காலமை, புதிதாக அடித்த பிரதிகளை எடுக்க அக்கா ஸ்ரூடியோவுக்கு வந்து நின்ற நேரம், பக்கத்து மருந்துக்கடைக்கு அவவைத் தேடி ரெலிபோன் வந்தது. போய்க் கதைச்சுப்போட்டு வந்தவவின் முகத்தில் ரத்தம் இல்லை. காங்கேசன்துறை ஸ்ரேசனில் வேலை செய்கிற சொந்தக்காரன் ஒருத்தன் சொல்லியிருக்கிறான்: பத்துப் பன்னிரண்டு பெடியளை லொறியில் கொண்டுவந்து கோச்சியில் ஏற்றுகிறார்கள், தெற்கே எங்கேயோ கொண்டுபோகிறார்களாம், அதில் பகீரதனும் ஒருத்தன். தன்ரை பெயரை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ரெலிபோனை வைத்திருக்கிறான். இன்றைக்கு டீசல் இஞ்சின் பழுது. சாமான் வாகன் இழுக்க வைத்திருந்த பழைய கரி இஞ்சினைக் கொழுவியிருக்கிறார்கள், பெடியளின் பெட்டி அந்த இஞ்சினுக்கு அடுத்தது.

"தம்பி, கமராவை எடும்" என்றா அக்கா.

வின்சன்ற் எடுத்தான். யோசிக்க நேரம் கொடுத்திருந்தால் எடுத்திருப்பானோ தெரியாது. கமராவுக்குள் முதல்நாள் சண்டிலிப்பாயில் ஒரு சாமத்தியச் சடங்கில் எடுத்த றோல் கிடந்தது. பன்னிரண்டில் ஒன்பது முடிந்துவிட்டது, மிச்சம் மூன்று. வேறு பிலிம் கடையில் இல்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து சாமான் வந்தால் வரும், வராவிட்டால் அதுதான் கதை.

முன் வேம்புக்குக் கீழே தன் ஒஸ்ரின் கேம்பிறிஜ் காரோடு நின்றார் பஞ்சலிங்கம், வாடகைக்கார் ஓட்டுகிறவர். வாய் நீளம், மனம் அதைவிடப் பெரிசு. விசயத்தைக் கேட்டதும் கதவைத் திறந்துவிட்டார். வழியில் மறித்தால் என்ன சொல்வது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். இந்தக் கரிக்கோச்சியைப் படம் எடுக்கவென்றே வெள்ளைக்காரர்கள் வந்து காரில் துரத்தித் துரத்தித் திரிஞ்சதை முந்தித் தான் கண்ணால் கண்டதாம், நாங்களும் அப்படி விசர்க்கூட்டம் என்று நினைக்கட்டுமாம். வின்சன்ற் படக்காரன், அக்கா அவனுடைய தமக்கை, ஒரு ஓட்டத்துக்குக் கூட வந்திருக்கிறா என்று கதை.

கார் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் பின்சீற்றில் இருந்த அக்கா சீலைத் தலைப்பால் நெற்றிக் குங்குமத்தை அழித்தா. வின்சன்ற் என்று வேதக்காரப் பெயர் உள்ளவனின் தமக்கை குங்குமத்தோடு இருந்தால் எந்த மடையன் நம்புவான்? புருசன் பாயில் மூச்சோடு கிடக்கிறார். பஞ்சலிங்கம் கண்ணாடியில் அதைக் கண்டுவிட்டு, சிவ சிவா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு றோட்டைப் பார்த்தார்.

கொக்குவில் கடவையில் கேற் பூட்டியிருந்தது. கேற்றடியில் இரண்டு ஆமிக்காரர் நின்றார்கள். வின்சன்ற் கமராவைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு இறங்கி நின்றான். கூவிக்கொண்டு வந்தது அந்தச் சனியன். கறுத்த வயிறும் துருப்பிடித்த முன்பக்கமுமாக, முக்கி முனகி, ஊரெல்லாம் கரியைத் துப்பிக்கொண்டு வந்தது. வேலியோரம் நின்ற சனம் கைகொட்டிச் சிரித்தது. அடுத்த பெட்டியின் யன்னல் பலகைகள் எல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தன. ஒரு விரல் விடக்கூட இடைவெளி இல்லை.

எடுக்க ஒன்றும் இல்லை என்று வின்சன்ற் கையை எடுத்தான். ஆனால் கேற்றடி ஆமிக்காரன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். கோச்சியைப் படம் எடுக்க வந்தவன் கோச்சி போக எடுக்காமல் நின்றால் என்ன அர்த்தம்? காருக்குள் இருந்து பஞ்சலிங்கம் அடித்தொண்டையால் உறுமினார், எடடா எடடா என்று. எடுத்தான். கோச்சியின் முதுகோடு போனது ஒரு படம். மிச்சம் இரண்டு.

யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குள் போவது புலிக்கூட்டுக்குள் தலையை விடுகிற வேலை. அங்கே கோச்சி நிற்கிற நேரத்துக்குள் முந்திக்கொண்டு போய் நாவற்குழியில் பிடிக்கலாம் என்று பஞ்சலிங்கம் காரை விட்டார். நாவற்குழிப் பாலத்தடியில் மறித்தார்கள். அக்காவின் மடியில் இருந்த பையைக் கிண்டினார்கள், காரின் பின்பெட்டியைத் திறந்தார்கள், கமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பஞ்சலிங்கம் தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் அங்கே கொட்டினார். பழைய கோச்சி, வெள்ளைக்காரர், கலண்டர், நல்ல படம் என்று என்னென்னவோ சொன்னார். அதில் ஒருத்தனுக்கு, இருபது வயது இருக்கும், முகம் மலர்ந்துவிட்டது. தன்னுடைய மாமாவோ சித்தப்பாவோ இந்த மாதிரி இஞ்சினில் கரி அள்ளிப் போட்டவராம். அப்படியென்றால் கோச்சி பாலத்தில் வரும்போது தன்னையும் சேர்த்து ஒரு படம் எடுக்கவேணும், வீட்டுக்கு அனுப்ப.

வின்சன்ற் பஞ்சலிங்கத்தைப் பார்த்தான். பஞ்சலிங்கம் வேறெங்கோ பார்த்தார். துவக்கோடு நிற்கிறவன் சிரித்துக்கொண்டு கேட்கிறதை இல்லை என்று சொல்ல எவனால் முடியும்? கோச்சி பாலத்தில் ஏறியது. உப்புத் தண்ணிக்கு மேலே புகை இழுபட்டது. பெட்டியில் இரண்டு யன்னல் பலகை இப்போது திறந்திருந்ததை அக்கா கண்டா, காருக்குள் இருந்து வின்சன்றின் முதுகையே குத்துவது போலப் பார்த்தா. அவனோ ஆமிக்காரனின் தொப்பியை நேராக்கி, நாடியைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லிக் கையால் காட்டி, கிளிக் பண்ணினான். தொழில் பழக்கம், என்ன செய்வது. கோச்சி போய்விட்டது. மிச்சம் ஒன்று.

காருக்குள் ஏறினதும் அக்கா ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று வின்சன்ற் நினைத்தான். பஞ்சலிங்கம் மட்டும் கொடிகாமம் வரைக்கும் ஒருத்தரையும் விட்டுவைக்காமல் திட்டினார். இஞ்சினைத் திட்டினார், பாலத்தைத் திட்டினார், அந்தப் பெடியனின் மாமாவைத் திட்டினார், கடைசியில் தன் காரையும் திட்டினார். கொடிகாமம் சந்தையடியில் மரக்கறி லொறிகள் றோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அதற்குள் கோச்சி ஸ்ரேசனை விட்டு வெளிக்கிட்டுவிட்டது. அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள். ஆனையிறவு முகாமைத் தாண்டிக் கார் போகாது.

என்றாலும் காரைத் திருப்ப மனம் வராமல் ஓடி, மிருசுவில் பக்கம் திரும்பினதும் பஞ்சலிங்கம் திடீரென்று பிறேக்கை மிதித்தார். தென்னந்தோட்டத்துக்கு முன்னால், றோட்டை ஒட்டின தண்டவாளத்தில், கோச்சி நின்றது. கிழட்டு இஞ்சினுக்கு ஆவி போதவில்லை. கரி அள்ளுகிறவன் வெறும் மேலோடு நெருப்புக்கு முன்னால் நின்று பேய்மாதிரி அள்ளி எறிந்துகொண்டிருந்தான். ஆமிக்காரர் சிலர் இறங்கிச் சோம்பல் முறித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிக்குள் வெக்கை தாங்காமலாக்கும், யன்னல்கள் திறந்து கிடந்தன.

பஞ்சலிங்கம் காரை ஓரங்கட்டி, பொனற்றைத் திறந்து, இஞ்சின் கொதிச்சுப் போச்சு என்று தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு ஆமிக்காரன் இங்கால் நடக்கத் தொடங்கினான். உடனே இவர் சிகரெட்டை நீட்டிக்கொண்டு எதிரே போய், அவனைக் கூட்டிக்கொண்டு வந்து பொனற்றுக்குள் தலையை விடவைத்தார். இரண்டு பேரின் முதுகும் கோச்சிப் பக்கம். அவ்வளவு கெட்டித்தனம் அந்த மனுசனிடம் இருந்தது.

வின்சன்ற் றோட்டுக் கரையில் நின்று கமராவை நெஞ்சோடு பிடித்து, குனிந்து மேற்கண்ணாடியைப் பார்த்தான். அக்கா அவன் தோளோடு தோளாக நின்றா. முப்பது மீற்றர் தூரம் இருக்கும்.

"மூண்டாவது யன்னல்" என்றா அக்கா.

கண்டான். நீலக் கோடு போட்ட சேட். இரண்டு கையும் யன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அந்தக் கைகளுக்கு மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தான் பிள்ளை. பின்னால் துவக்கோடு ஒருத்தன் நின்றான். யன்னலுக்குக் கீழே பெட்டியின் இலக்கம் வெள்ளையில் எழுதியிருந்தது. எல்லாம் ஒரு சட்டத்துக்குள், ஆட்டம் அசைவில்லாமல், நல்ல வெளிச்சத்தில். ஆனால் தெரிந்தது தலைமயிர் மட்டும்தான்.

"எடும் தம்பி."

"முகம் தெரியேல்லை அக்கா. கொஞ்சம் பொறுங்கோ."

"அவன்தான். சேட் நான் தைச்சது. எடும்."

"கோட்டிலை சேட்டைக் காட்டி என்ன செய்யிறது? முகம் வேணுமக்கா. ஒரே ஒரு படம்தான் கிடக்கு. நிமிருவான்."

கூப்பிடக்கூடாது என்று காரிலேயே கதைத்து வைத்திருந்தார்கள். தாய் என்று தெரிந்தால் மூன்று பேரையும் அதே பெட்டியில் ஏற்றிவிடுவார்கள். அக்கா சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டா. வின்சன்ற் காத்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் முகம் நிமிரக் காத்திருந்திருப்பான். ஒரு நிமிசம் போனது, இரண்டு போனது. பிள்ளை அசையவில்லை. நித்திரையோ, அடியில் மயக்கமோ, ஆருக்குத் தெரியும். அக்காவின் மூச்சு அவன் காதுக்குள் இரைந்தது. விரல் விசையில் இருந்தது, மனம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது.

இஞ்சின் கூவியது. காது வெடிக்கிற மாதிரிக் கூவியது. பிள்ளை திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தினான். முழுமுகம். வீங்கின கண், வெடித்த சொண்டு, ஆனாலும் அவன்தான், ஸ்ரூலில் இருத்தி நாடியைப் பிடித்து நிமிர்த்தின அதே முகம். முதலில் கமராவைக் கண்டான். பிறகு தாயைக் கண்டான். வாய் திறந்தது.

அந்த நேரம் பார்த்து இஞ்சின் தன் கீழ்ப்பக்கத்தால் வெள்ளாவியைச் சீறி அடித்தது. மேலாலே கக்கின கரும்புகையையும் வாடைக்காற்று அப்படியே தூக்கி இங்கால் எறிந்தது. வின்சன்ற் விசையை அமத்தினான். ஒரு கண்மூடித் திறக்கிற நேரம் பிந்திப்போனான். புகை விலகினபோது வேறு பெட்டிகள் அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில், மூன்றாவது யன்னலின் பலகையை ஒரு கை இழுத்துச் சாத்தியது.

திரும்பி வரும் வழியெல்லாம் வின்சன்ற் சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான்.

"நிமிந்தவனக்கா. நான் கண்டனான். என்ரை கண்ணாலை கண்டனான், நிமிந்தவன்."

"ஓம் தம்பி, கண்டனீர்" என்றா அக்கா. பிறகு கனநேரம் கழித்து, நல்லாய் மெலிஞ்சு போனான் என்று மட்டும் சொன்னா.

அன்று பின்னேரமே இருட்டறைக்குள் போய் றோலைக் கழுவிப் படம் அடித்தான். கோச்சியின் முதுகு வந்தது. நாவற்குழி ஆமிக்காரன் வந்தான், நாடி நிமிர்ந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, ஒரு பிழை சொல்ல முடியாத படமாக. கடைசியாக வந்தது வெறும் வெள்ளை. கரையில் ஒரு துண்டுத் தென்னோலை, மூலையில் கொஞ்சம் கோச்சிச் சில்லு. பெரிதாக அடித்துப் பார்த்தான், கறுப்பாக அடித்துப் பார்த்தான், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். புகைக்குள்ளே ஒன்றும் இல்லை.

அடுத்தநாள் அக்கா அவனை அப்புக்காத்தரிடம் கூட்டிக்கொண்டு போனா. பஞ்சலிங்கமும் வாசல்வரை வந்து காரோடு நின்றார். சிவசுப்பிரமணியத்தார் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நடந்த முழுவதையும் கேட்டார். வின்சன்ற் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னான். தலை கவிழ்ந்து கிடந்தது, தான் நிமிரட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றது, நிமிர்ந்ததைக் கண்டது, எல்லாம் சொன்னான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கவிண்டு கிடந்தாலும் காணும் தம்பி. கட்டின கையும், துவக்குக்காரனும், பெட்டி இலக்கமும், தாய் தைச்ச சேட்டும். எனக்கு வழக்குக்கு அதுவே போதும்."

வின்சன்ற் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டான். இதைக் கேட்கவா காலமையே எழும்பி முகம் கழுவி வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்தான்? அக்கா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் அப்புக்காத்தர் விடவில்லை. படம் இல்லாவிட்டால் என்ன, கண்ட ஆள் இருக்கிறதே என்றார். தாய் சொன்னால் தாய் அப்படித்தான் சொல்லுவாள் என்று தள்ளிவிடுவார்கள். பஞ்சலிங்கத்தார் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றவர், அவர் காணவில்லை. வெளியாள் ஒருத்தர், அதுவும் பிள்ளையின் அடையாள அட்டைப் படத்தைத் தானே எடுத்தவர், முகத்தை நேரே கண்டேன் என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தால், படத்தைவிட அது பெலன். பெயர், விலாசம், தொழில் எல்லாம் எழுதவேணும், ஒரு பிரதி ஆமிக்கும் போகும். கடதாசியை எடுத்து, தலைப்பை எழுதி, பேனையைத் திருப்பி வின்சன்றின் பக்கம் வைத்தார். ஒரு வரி காணும் என்றார்.

வின்சன்ற் பேனையைப் பார்த்தான். பின் அறையில் றோஸ் இந்நேரம் கடைசிப் பெட்டைக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருப்பாள். மூத்தவளுக்கு அடுத்த மாதம் மாதா கோயிலில் முதல் நன்மை. விலாசம் எழுதவேணும் என்றாரே, அந்த விலாசத்துக்கு லொறி வர எவ்வளவு நேரம் எடுக்கும்? போன மாதம் இப்படி ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்த அச்சுக்கூடக்காரன் இன்றைக்கு எங்கே என்று அவன் பெண்சாதிக்கே தெரியாது. வின்சன்ற் பொல்லாதவன் இல்லை. கையை நீட்டத்தான் பார்த்தான். கை மடியிலேயே கிடந்தது, வேறு ஆருடையதோ போலக் கிடந்தது.

"நான் வடிவாக் காணேல்லை ஐயா" என்றான். "ஒரே புகை."

அப்புக்காத்தர் அவனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா இது? கண்டவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இவரும் இப்பத்தானே நிமிந்தவன் எண்டவர்?"

மகாதேவியக்கா இப்போதுதான் வின்சன்றின் பக்கம் திரும்பினா. வெறும் நெற்றி. நேற்றிலிருந்து அவ திரும்பக் குங்குமம் வைக்கவில்லை. அவன் நாடி நெஞ்சில் முட்ட, தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தான். அவ கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தா. நிமிரச் சொல்லவில்லை.

"இல்லை ஐயா, நான்தான் அப்பிடி நினைச்சிட்டன். தம்பியும் எனக்காகத்தான் சொன்னவர்" என்றா. "சரியான புகை, ஒருத்தருக்கும் ஒண்டும் தெரிஞ்சிருக்காது. தம்பியை விடுங்கோ, கடையைப் பூட்டிப்போட்டு வந்தவர்."